மரத்தள அதிர்வும் அதன் அளவும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

கட்டடக் கலையின் வரலாற்றை எழுதுவோர் சுவரையும் தூணையும் கூரையையும் விரித்துப் பேசுவர். மக்கள் நாள்தோறும் மிதித்து நடக்கும் தளத்தை அத்துணை விரித்துப் பேசுவதில்லை. தளம் முறிந்து வீழின் அது செய்தியாகும். முறியாது நின்று, நடப்போர் காலடிதோறும் அதிர்ந்துகொண்டிருப்பின் அது வீட்டாரின் முணுமுணுப்பாகவே அடங்கிவிடும். ஏட்டில் ஏறாத முணுமுணுப்பு வரலாற்றாசிரியர் கண்ணிற் படுவது அரிது.

எடை குறைந்த மரத்தளங்கள் மிகுதியாக வழங்கிய நாடுகளுள் இங்கிலாந்தும் வட அமெரிக்காவும் வடஐரோப்பாவும் குறிப்பிடத்தக்கவை. அந்நாடுகளில் தளத்தின் அதிர்வு எவ்வாறு உணரப்பெற்றது, எவ்வாறு அளக்கப்பெற்றது என்பதனை இக்கட்டுரையில் ஆராய்வோம். குறை மிகப் பழையது. அதற்கென அமைந்த அளவோ மிகப் பிந்தியது. இடைப்பட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம், வேறொன்றன் பொருட்டு வகுத்த அளவே இதற்கும் அளவாக நின்றது. இதுவே யாம் ஈண்டு நிறுவ முற்படும் கருத்தாகும்.

சொல்லும் பொருளும்

ஆராய்ச்சிக்குள் புகுமுன், வழங்கவிருக்கும் சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் நலம். தொல்காப்பிய உரியியல் அதிர்வு என்னும் சொல்லை விதிர்ப்பு என்பதனோடு சேர்த்து, நடுக்கம் என்னும் குறிப்புடையதாகக் கொள்ளும். இன்றைய இயற்பியலார் அச்சொல்லையே ஒரு பொருள் தன் நிலையினின்று மேலும் கீழுமாக மீண்டும் மீண்டும் இயங்குதற்கு வழங்குகின்றனர். பழம்பொருளும் புதுப்பொருளும் ஈண்டு ஒன்றையொன்று மறுக்கவில்லை. தளத்தின் இயக்கம் ஒன்று. அதன்மேல் இருப்பார் உறும் நடுக்கம் மற்றொன்று. இவ்விரண்டனையும் பிரித்தறிதலே இவ்வரலாற்றின் திறவுகோல் என்பது பின்னர்ப் புலனாகும்.

சுவரின்மேல் நீண்டு கிடந்து பிறவற்றைத் தாங்கும் பெருமரத்தை உத்தரம் என்றும், அதன்மேல் அல்லது சுவர்களின்மேல் வரிசையாக அடுக்கப்பெறும் சிறுமரங்களைக் கட்டை என்றும், அவற்றின்மேற் பரப்பி நடப்பதனைப் பலகை என்றும் குறிப்போம். ஒரு கட்டை முறியாமல் தாங்கும் ஆற்றல் வலிமை. வளையாமல் எதிர்நிற்கும் ஆற்றல் விறைப்பு. பாரத்தால் நடுவில் தாழும் அளவு தொய்வு. ஒரு வினாடியில் மேலும் கீழுமாக இயங்கும் முறைகளின் எண்ணிக்கை அதிர்வெண். இயக்கத்தைச் சிறிது சிறிதாக ஒடுக்கும் தன்மை தணிப்பு.

வலிமையினின்று விறைப்பிற்கு

மரம் எப்பொழுது முறியும் என்னும் வினாவே முதலில் எழுந்தது. கலிலியோ 1638 இல் வெளியிட்ட நூலில் சுவரினின்று நீண்டு நிற்கும் உத்தரம் முறியும் வகையை ஆராய்ந்தார். இலண்டன் மாநகர் 1666 இல் பெருந்தீக்கு இரையானபின், 1667 இல் இயற்றப்பெற்ற மறுகட்டமைப்புச் சட்டம் வீடுகளை வகைப்படுத்தி, அவற்றிற்குரிய தளக்கட்டைகளின் பருமனையும் விதித்தது. அச்சட்டத்தின் நோக்கம் தீயினின்றும் இடிபாட்டினின்றும் காத்தலேயாம். நடப்போர் உணரும் அதிர்வு அதன் எல்லைக்குள் வரவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்னூலி, ஆய்லர் முதலிய கணிதவறிஞர்கள் வளையும் கோலின் இயல்பைக் கணித்தனர். அதனால் வலிமை வேறு, விறைப்பு வேறு என்பது தெளிவாயிற்று. ஒரு கட்டையின் அகலத்தை இருமடங்காக்கின் வலிமையும் இருமடங்காகும், விறைப்பும் இருமடங்காகும். ஆழத்தை இருமடங்காக்கினாலோ வலிமை நான்கு மடங்காகும். விறைப்பு எட்டு மடங்காகும். ஆதலின் ஒரே அளவு மரத்தைக் கொண்டு, முறியாத ஆனால் துள்ளுகின்ற தளத்தையும் அமைக்கலாம். முறியாததும் துள்ளாததுமாகிய தளத்தையும் அமைக்கலாம். முறிவதற்கு நெடுந்தொலைவு இருக்கும்பொழுதே ஒரு தளம் வாழ்வதற்கு ஒவ்வாததாகிவிடக் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

திரெட்கோல்டின் நூல்

இவ்வுண்மையைத் தச்சர்க்கும் கட்டடக் கலைஞர்க்கும் ஒருங்கே எடுத்துரைத்தவர் தாமஸ் திரெட்கோல்டு (1788–1829). டர்ஹாம் நகர்க்கு அருகிற் பிறந்த அவர் மரவேலை பயின்று, ஸ்காட்லாந்தில் தச்சராகப் பணிபுரிந்து, பின் இலண்டனில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் அமர்ந்தவர். இளமையிற் கைத்தொழிலும் பின்னர்த் தாமே கற்ற கணிதமும் அவரிடம் ஒன்று கூடின. தச்சுக் கலையின் அடிப்படைகளைக் கூறும் அவருடைய நூல் 1820 இல் வெளிவந்தது. அதன் திருந்திய பதிப்பு 1828 இல் தோன்றியது.

தளங்களைப் பற்றிய பகுதியில் அவர் அறிவுறுத்தும் செய்தி ஒன்று நம் ஆய்வுக்கு உயிர்நாடியானது. நெடிய உத்தரங்களை இயன்றவரை ஆழமாக அமைக்க வேண்டும் என்பார். அதற்கு அவர் காட்டும் காரணம் முறிவு அன்று. ஆழம் குறையின், ஒருவர் தளத்தில் நடந்த அளவிலேயே அறையிலுள்ள பொருள்களெல்லாம் குலுங்கும் என்பதும் ஒரு காரணம். அக்காலத்துச் செல்வர் இல்லங்களில் கண்ணாடிப் பேழைகளும் பீங்கான் கலங்களும் நிறைந்திருந்தன. அவற்றின் ஒலியே அதிர்வைக் காட்டும் கருவியாக இருந்தது எனலாம். அதிர்வு ஒரு குறை என்பதனைத் தொழிலறிஞர் ஒருவர் அச்சில் ஏற்றிய இடமாக இதனைப் பிற்காலப் பொறியியலாளர் பலரும் எடுத்துக்காட்டுவர்.

ஆயின் ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. திரெட்கோல்டு குறையைச் சொன்னார். குறைக்கு மருந்தாக ஆழத்தைச் சொன்னார். குறையை அளக்கும் எண் ஒன்றையும் வகுத்தாரா எனின், இல்லை. அவர் தொய்வுக்கு ஓர் எல்லை கூறியது உண்மையே. ஓர் அடி நீளத்திற்கு ஓர் அங்குலத்தில் 40 இல் ஒரு பங்கு தொய்தல் அவ்வெல்லை. நீளத்தையும் அங்குலமாக்கிக் காணின், மொத்த நீளத்தில் 480 இல் ஒரு பங்காம். இவ்வளவு தொய்வு தளத்தின் அடியிற் பூசிய காரைக்குத் தீங்கு செய்யாது என்பதே அவர் அவ்வெண்ணைக் கொண்டதன் காரணம். ஒரே ஆசிரியர் அதிர்வையும் பேசினார், தொய்வின் எல்லையையும் பேசினார். அதனால் இரண்டும் ஒரு பொருளன ஆகிவிடா.

காரைக்கு வகுத்த அளவு

அக்காலத்து மேனாட்டுத் தளத்தின் அமைப்பை அறிந்தால் இவ்வேறுபாடு தெற்றென விளங்கும். கட்டைகளின் மேற்பக்கத்தில் பலகை அறைவர். கீழ்ப்பக்கத்தில் மெல்லிய மரப்பட்டிகளை நெருக்கமாக அறைந்து, அவற்றின்மேற் சுண்ணாம்புக் காரை பூசுவர். மேலறையின் தளமே கீழறையின் மேல்விதானம் ஆகும். கட்டை மிகத் தொய்யின் காரை வெடிக்கும். வெடிப்புக் கண்ணுக்குத் தெரியும். பூசியவனுக்கும் கட்டியவனுக்கும் வழக்கு விளைக்கும். ஆதலின் காரை வெடியாத தொய்வே நல்ல தளத்தின் இலக்கணமாயிற்று.

வட அமெரிக்காவில் நீளத்தில் 360 இல் ஒரு பங்கு என்னும் எல்லை வேரூன்றியது. அதற்கும் காரை வெடியாமையே காரணமாகக் கூறப்பெற்றது. அந்நாட்டில் 1830 களிற் சிகாகோ நகரைச் சூழ்ந்து பரவிய புதிய கட்டுமுறை இவ்வெல்லையின் தேவையை மிகுவித்தது. அறுவை ஆலைகள் ஒரே அளவான மெல்லிய கட்டைகளை அறுத்துத் தந்தன. இயந்திரங்கள் ஆணிகளை மலிவாக்கின. பொளியும் கழுந்தும் வெட்டிப் பெருமரங்களை இணைத்த பழைய தச்சு நுட்பம் பின்னடைந்தது. சுமார் 2 அங்குலக் கனமுள்ள கட்டைகளை 16 அங்குலத்திற்கு ஒன்றாக நிறுத்தி ஆணியடிக்கும் முறை நாடெங்கும் வழக்காயிற்று. குடியேறிய மக்கள் விரைவில் வீடு பெற்றனர். தளத்தின் எடையோ குறைந்தது.

எனினும் தச்சர் அதிர்வை அறியாதவர் அல்லர். கட்டைகளுக்கிடையே சிறு குச்சிகளை மீன்முள் போலக் குறுக்கும் மறுக்குமாக அறையும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நன்கு பரவியிருந்தது. ஒரு கட்டையின்மேற் காலடி வீழ்ந்தால் அதன் பாரத்தை அண்டைக் கட்டைகளும் பகிர்ந்துகொள்ள அவ்வமைப்பு உதவிற்று. இதற்குக் கணக்கு இல்லை, கை வழக்கமே உண்டு. அக்காலத்தார்க்கு அதிர்வைப் பற்றிய அறிவு இருந்தது, அளவே இல்லாதிருந்தது எனக் கொள்ளுதலே பொருத்தம்.

எடை என்னும் துணை

மரக்கட்டையால் அமைந்த தளம் யாவும் அதிரும் என்று கருதுதல் பிழை. நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எதிர்ச்சான்று உண்டு. மதராஸ் டெரஸ் என்று பொறியாளர் வழங்கும் தளத்தில் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேற் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாகக் குத்துவசத்தில் பதிப்பர். அதன்மேற் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை இட்டு அடித்து இறுக்குவர். கட்டை மரமே, ஆயினும் அதன் மேலுள்ள பரப்பு கல்லின் எடையுடையது. அத்தகைய தளத்தில் ஒருவர் நடப்பின் அவருடைய காலடி அப்பேரெடையை அசைத்தல் எளிதன்று.

மேனாட்டு வீடுகளின் பலகைத் தளமோ ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோகிராம் எடையே உடையது. 15 சென்டிமீட்டர்க் கனமுள்ள கற்காரைத் தளம் அதே பரப்பில் ஏறத்தாழ 360 கிலோகிராம் இருக்கும். நடப்பவர் எடை 70 கிலோகிராம் எனக் கொண்டால், பலகைத் தளத்தில் தாம் மிதிக்கும் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பைவிட அவரே கனத்தவர் ஆகின்றார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரப்பட்டியும் சுண்ணாம்புக் காரையும் வழக்கொழிந்து, அவற்றின் இடத்தை ஜிப்சம் பலகை பற்றியது. தளத்தின் எடை மேலும் குறைந்தது. பழங்காரை தந்த தணிப்பும் ஒருங்கே நீங்கியது. பின்னர் 1960 களின் இறுதியில், மேலும் கீழும் தடித்து நடுவில் மெலிந்த ஆலைக்கட்டைகள் வந்தன. அவை குறைந்த மரத்தைக் கொண்டு நெடுந்தொலைவைக் கடந்தன. அறைகளும் தடுப்புச்சுவர் குறைந்து விரிந்தன.

காரையைக் காக்க வகுத்த 360 இல் ஒரு பங்கு என்னும் விதி மட்டும், காரையே இல்லாத வீட்டிலும் மாறாது நின்றது. அவ்விதிப்படி அமைந்த தளங்களிலும் அதிர்வு பற்றிய முறையீடுகள் எழுந்தன. விதிக்குள் அடங்கியது என்னும் விடை அவ்வீட்டார்க்கு அமைதி தரவில்லை. விதியின் தோற்றத்தை நோக்கின் அஃது அவர்களுடைய வினாவுக்கே உரிய விடை அன்று என்பது விளங்கும். விதி கருதுவது தளம் முழுவதும் ஒரு சீராகப் பரவிய பாரத்தை; நடப்பவரோ ஓரிடத்தில் வீழும் பாரம். விதி கருதுவது அசையாது கிடக்கும் சுமையை; காலடியோ கணப்பொழுதில் மோதி நீங்குவது. மெல்லிய பலகையும் அகன்ற இடைவெளியும் உடைய ஒரு தளமும், தடித்த பலகையும் நெருங்கிய கட்டைகளும் உடைய வேறொரு தளமும் பரவிய பாரத்தில் ஒரே தொய்வு காட்டலாம். ஒருவர் காலடியில் ஒரே தொய்வு காட்டா.

உடலே உரைகல்

அதிர்வின் அறிவியல் வேறொரு வழியாக வளர்ந்தது. கிளாட்னி என்பார் 1787 இல் வெளியிட்ட நூலில், தகட்டின்மேல் மணலைத் தூவி அதனை அதிரச் செய்யின் மணல் அசையாக் கோடுகளிற் சென்று சேரும் என்று காட்டினார். இராலே பெருமகனார் 1877 இல் ஒலியியற் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார். இவ்வறிவெல்லாம் இசைக்கருவியையும் ஒலியையும் சார்ந்து வளர்ந்ததேயன்றித் தச்சரின் தளத்தை நாடி வரவில்லை.

இரு வழிகளும் கூடுதற்கு, மனித உடல் எவ்வளவு அதிர்வை உணரும் என்னும் வினா இன்றியமையாததாயிற்று. ஜெர்மனியைச் சார்ந்த இரைகர், மைஸ்டர் என்னும் இருவரும் 1931 இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையிற் பலரும் தொடங்கும் இடம். அவர்கள் அதிரும் மேடையின்மேல் மக்களை நிற்கவும் கிடக்கவும் செய்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அசைவு உணரப்பெறாதது, எவ்வளவு சிறிதே உணரப்படுவது, எவ்வளவு தொல்லை தருவது என வகைப்படுத்தினர். தளத்தின் இயக்கத்திற்கும் இருப்பார் நடுக்கத்திற்கும் இடையே ஓர் அளவுமுறை இவ்வாறு தோன்றியது.

அவ்வளவுமுறை இடைவிடாத அதிர்வுக்கு உரியது. வீட்டுத்தளத்தின் அதிர்வோ காலடியிற் பிறந்து விரைவில் ஒடுங்குவது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லென்சன் 1966 இல் வெளியிட்ட ஆய்வில், எஃகுக் கட்டைகளின்மேற் கற்காரை இட்ட தளங்களை ஆராய்ந்து, சில அலைவுகளுக்குள் ஒடுங்கும் அதிர்வை மக்கள் பெரிதும் பொறுத்துக்கொள்வர் என்று கண்டார். பழைய அளவுமுறையின் அசைவெல்லையைப் பத்து மடங்காக உயர்த்தலாம் என்றார். தணிப்பு இவ்வாறு ஆய்வின் நடுவிடத்தைப் பெற்றது. அவர் ஆராய்ந்தவை மரத்தளங்கள் அல்லவாயினும், அக்கருத்து மரத்தளத்தை ஆராய்ந்தார்க்கும் வழிகாட்டிற்று.

கனடாவும் ஐரோப்பாவும்

மரத்தளத்திற்கே உரிய அளவு இருவேறு வழிகளில் வந்தது. கனடாவில் ஓனிஸ்கோ முதலிய ஆராய்ச்சியாளர் மக்கள் வாழும் வீடுகளுக்கே சென்று, தளத்தை அளந்ததோடு அங்கு வாழ்வோர் கருத்தையும் கேட்டறிந்தனர். ஓரிடத்தில் வைக்கும் பாரத்தால் ஏற்படும் தொய்வு வீட்டாரின் மனநிறைவோடு நன்கு பொருந்திவரக் கண்டனர். அதன் பயனாக, 1 கிலோ நியூட்டன் பாரத்தைத் தளத்தின் நடுவில் வைத்துத் தொய்வை எல்லைப்படுத்தும் விதி கனடா நாட்டுக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. 3 மீட்டருக்குக் குறைந்த நீளமாயின் எல்லை 2 மில்லிமீட்டர். நீளம் மிகுந்தால் எல்லை குறையும்: 4 மீட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர், 5 மீட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்.

பழைய விதியோடு இதனை ஒப்புநோக்குவார்க்கு ஒன்று புலப்படும். 360 இல் ஒரு பங்கு என்னும் விதியில் நீளம் மிகமிக ஏற்கத்தக்க தொய்வும் மிகும். கனடா விதியில் நீளம் மிகமிக ஏற்கத்தக்க தொய்வு குறையும். முன்னது காரையின் இயல்புக்கு ஏற்றது. பின்னது மனிதர் வாய்மொழியினின்று பெற்றது. இரண்டும் எதிர்த்திசையிற் செல்லுதலே, முன்னையது அதிர்வின் அளவு அன்று என்பதற்குத் தலையாய சான்றாம்.

ஸ்வீடன் நாட்டுச் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுவென் ஓல்சன் 1982 இல் தம் முனைவர் பட்ட ஆய்வை வெளியிட்டார். மனிதர் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டடி வைத்து நடப்பர். அந்நடையின் தாக்கம் இரண்டோடு நில்லாது அதன் மடங்குகளாகிய நான்கிலும் ஆறிலும், வலி குன்றி எட்டிலும் தோன்றும். தளத்தின் தன்னியல்பான அதிர்வெண் அவற்றுள் ஒன்றோடு ஒத்துவரின் அதிர்வு பெருகும். மேலும், மேல்கீழாகிய அதிர்வை மனித உடல் மிகக் கூர்மையாக உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான எல்லையில் ஆகும். ஆதலின் தளத்தின் அதிர்வெண் 8 ஐ விஞ்சி நிற்றல் வேண்டும் என்னும் வரையறை தோன்றியது. இருமுனையும் தாங்கிய தளம் தன் எடையால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தொய்யுமாயின் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 8 ஆகும் என்பது கணக்கிற் பெறப்படும்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். எடை குறையின் தன் எடையால் வரும் தொய்வும் குறையும்; அதிர்வெண் உயரும்; அங்ஙனமாயின் எளிய மரத்தளம் நல்லதன்றோ எனின், அன்று. அதிர்வெண் உயர்வது உண்மையே. ஆயினும் எடை குறைந்த பொருளை ஒரே காலடி மிகுதியாக அசைக்கும். இடைவிடா ஒத்ததிர்வினின்று தப்பிய தளம் ஒவ்வோர் அடியின் மோதலுக்கும் துள்ளும். இதனை உணர்ந்தே ஓல்சன் அதிர்வெண்ணோடு நில்லாமல், ஓரிடப் பாரத்தின் தொய்வையும், ஒரு மோதலால் தளம் பெறும் விரைவையும் சேர்த்து மூன்றினையும் நோக்க வேண்டும் என்றார். 2004 இல் வெளிவந்த ஐரோப்பிய மரக்கட்டுமான விதித்தொகுப்பு இம்மூன்றனையும் ஏற்றது; தணிப்பினை 1 விழுக்காடாகக் கொண்டது. அதே 2004 இல் ஹூ, சூய் என்னும் இருவர் அதிர்வெண்ணையும் ஓரிடத் தொய்வையும் ஒரே வாய்பாட்டில் இணைத்துக் காட்டினர்.

இருவேறு முடிபுகளும் அவற்றின் மறுப்பும்

இவ்வரலாற்றை நோக்குவார் இருவேறு முடிபுகளுக்கு எளிதிற் செல்லக்கூடும். திரெட்கோல்டே யாவற்றையும் 1828 இல் சொல்லிவிட்டார், பின் வந்தோர் அதனை விரித்தனர் என்பது ஒன்று. முன்னோர் வலிமை ஒன்றையே அறிவர், அதிர்வு இக்காலத்துக் கண்டுபிடிப்பு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஏற்புடையன அல்ல. முதலாவது, குறையைச் சொல்லுதலையும் அளவு வகுத்தலையும் ஒன்றாகக் கொள்ளும் மயக்கம். அவர் நூலிலுள்ள எண் எதன்பொருட்டு எழுந்தது என்று நோக்கின் அம்மயக்கம் நீங்கும். இரண்டாவது, மீன்முள் இணைப்பையும் ஆழ்ந்த உத்தரத்தையும் கையால் அமைத்த தச்சரின் அறிவைப் புறக்கணிப்பது. எழுத்தில் வாராத அறிவும் அறிவேயாம்.

முடிவுரை

ஒரு விதியைக் காணும்பொழுது அதன் எண்ணை மட்டும் கொள்ளாது, அது யாருடைய முறையீட்டுக்கு விடையாக எழுந்தது என்பதையும் வினவுதல் வரலாற்றாசிரியர் கடமை. ஈண்டு விதி காரைக்காக எழுந்தது. காரை நீங்கிய பின்னும் எண் நின்றது. எண் நின்றமையால் அதுவே தளத்தின் நன்மைக்கு இலக்கணம் எனப் பலரும் கருதினர். வீட்டார் கருத்தைக் கேட்கத் தொடங்கிய பின்னரே அவர் நடுக்கத்திற்கு உரிய அளவு பிறந்தது. தொழில்நூல்களை ஆராயப் புகும் மாணவர், நூலிலுள்ள அளவுகளைத் தொகுப்பதோடு அமையாது ஒவ்வோர் அளவும் எதனைக் காத்தற்கு எழுந்தது என்று குறித்துச் செல்வராயின், நம் நாட்டு மனைநூல்களையும் தச்சர் வழக்குகளையும் ஆராய்வதற்கும் அம்முறை பெரிதும் பயன்படும் என்பது எம் கருத்து.